வெள்ளிக்கிழமையில் கிளம்பாத கார்

நூருலுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காருக்கு என்ன கோளாறு என்று யாராவது சொல்லத் தொடங்கினால், பாதியிலேயே புகுந்து மீதியை அவளே சொல்லிவிடுவாள். "காலையில சாவியத் திருப்புனா டக் டக்குனு..." என்று ஒருவர் இழுத்தால் போதும். "சத்தம் மட்டும் வரும், லைட்டு மங்கிடும், ரெண்டு தடவைக்கு மேல அந்தச் சத்தமும் வராது, அதானே? போனட்டத் திறங்க" என்பாள். பத்துக்கு ஒன்பது தடவை அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதனாலேயே அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

கடல் பாலத்தால் பெருநிலத்தோடு இணைந்த ஒரு மலாய்த் தீவில், ஜெலுத்தோங் பகுதியில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு கார் நிற்கக்கூடிய இடத்தில், கார்களுக்கு வயர் வேலை பார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். வயது முப்பத்து நான்கு. அதற்கு முன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் சர்க்கிட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. அங்கே படிந்த ஒரு குணத்தை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவே இல்லை. மீட்டர் வைத்துப் பார்க்காமல் எந்தச் சாமானையும் கழற்ற மாட்டாள். மாற்றித்தான் பார்ப்போமே என்ற பேச்சே அவள் பட்டறையில் கிடையாது.

அப்படிப்பட்டவளை லோகேஸ்வரியின் கார் இரண்டு வாரம் படுத்தி எடுத்துவிட்டது.

லோகேஸ்வரி கெலுகோரில் ஓர் அடுக்குமாடியின் ஆறாவது மாடியில் குடியிருந்தார். ஐம்பத்து நான்கு வயது. பத்து நிமிடத் தொலைவில் உள்ள ஒரு கிளினிக்கில் காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணிவரை கவுண்டரில் வேலை. கணவர் முனுசாமிக்கு எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் பாதிக்கப்பட்டிருந்தன. வீட்டில் கார் ஓட்டுவது இப்போது லோகேஸ்வரி ஒருவர்தான்.

"மூணு மாசத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, நூரு" என்று முதல் நாள் போனில் சொன்னார். "மொதல்ல பாத்த பட்டறையில ஆல்டர்னேட்டரையும் மாத்திட்டாங்க. இன்னைக்குக் காலையில மறுபடியும் செத்துக் கெடக்கு. எனக்கு அழுகையே வருது லா."

நூருல் மோட்டார் சைக்கிளில் சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள். வேறொரு பேட்டரியின் துணையோடு காரைக் கிளப்பி, பட்டறைக்குக் கொண்டுவந்து, வெள்ளியிலிருந்து ஞாயிறுவரை தன்னிடமே வைத்துக்கொண்டாள். இன்ஜின் ஓடும்போது பதினான்கே கால் வோல்ட் வந்தது. ஆல்டர்னேட்டர் நன்றாகத்தான் சார்ஜ் செய்கிறது. காரைப் பூட்டிவிட்டுக் கசிவு பார்த்தாள். எங்கேயாவது ஒரு விளக்கோ ரேடியோவோ களவாக மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். கடிகாரத்துக்கும் அலாரத்துக்கும் வேண்டிய துளி மின்சாரம் போக வேறெதுவும் போகவில்லை. பேட்டரிக்கு மின்பளு கொடுத்துப் பார்த்தாள், தாங்கியது. எர்த் கம்பிகளைக் கழற்றிச் சுரண்டி, திரும்பப் பூட்டினாள். இரண்டு இரவு கழித்து சாவியைத் திருப்பியதும் கார் முதல் சுற்றிலேயே உறுமிக்கொண்டு எழுந்தது.

ஒன்றும் கண்டுபிடிக்காமல் ஒரு காரைத் திருப்பிக் கொடுப்பது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. "கம்பி முனையெல்லாம் அழுக்கா இருந்துச்சுக்கா, அதுவாத்தான் இருக்கும்" என்று சொல்லிக் கொடுத்தாள். சொல்லும்போதே அதை அவள் நம்பவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஏழே காலுக்குப் போன் வந்தது.

நெரிசலில் புகுந்து அவள் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டு ஆகியிருந்தது. லோகேஸ்வரி வேலைக்குப் போடும் சட்டையில் இல்லாமல் நல்ல சேலையில், காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு முனுசாமிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. தேதி கிடைக்க மூன்று மாதம் காத்திருந்தார்களாம். எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வாடகைக் காருக்குப் போனில் தட்டியும் அந்த நேர நெரிசலில் ஒருவரும் வரவில்லை.

"தேதி போயிடுச்சு நூரு. ஃபோன் பண்ணிச் சொன்னேன். அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் குடுத்திருக்காங்க, யாரோ வரலையாம், அதுல நம்மள நுழைச்சிருக்காங்க. அதையும் விட்டா தீபாவளிக்கு அப்புறந்தான்."

நூருல் தலையைக் குனிந்துகொண்டு போனட்டைத் திறந்தாள். காலை வெயில் அப்போதே சுள்ளென்று விழுந்தது. சட்டென்று அவள் மேல் நிழல் படிந்தது. நிமிர்ந்தால், முனுசாமி இடது கையில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உயரமான மனிதர். வெள்ளைச் சட்டையின் பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன, யாரோ போட்டுவிட்டது போல.

"இவருதான் உங்க அண்ணன்" என்றார் லோகேஸ்வரி. "மைக் முனுசாமின்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஃபேக்டரியில ஸ்டோர்கீப்பர், சனி ஞாயிறு ஆனா கல்யாண மண்டபத்துல மைக்கப் பிடிச்சிடுவாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சண்டை போட்டுக்கிட்டு இருந்தாக்கூட இவரு பேச ஆரம்பிச்சா உக்காந்துடுவாங்க." சொல்லிவிட்டுக் கணவரின் சட்டைக் காலரை நேராக்கினார். "இப்ப கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கிட்டு இருக்காரு. ஆனா நடைப்பயிற்சிய மட்டும் விடுறது இல்ல. தெனம் மூணு மணிக்கு நான் கண்ணசருவேன், இவரு கீழ எறங்கி நடப்பாரு. திரும்பி வர்றப்ப சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கும். டாக்டரே மெச்சிக்கிறாரு."

முனுசாமி குடையை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். நூருலைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"அந்த... சா... சாமி..."

"சாமி படமா?" என்றார் லோகேஸ்வரி. "டேஷ்போர்டுல இருக்கிற முருகன் ஆடுறாருன்னு சொல்றாரு, நூரு. ஒட்டுன பசை விட்டுப் போச்சு."

முனுசாமி தலையை ஆட்டினார். "இல்ல. சா... சா..."

"அதுல கரண்டு இல்லண்ணே" என்றாள் நூருல், மீட்டர் பிடித்த கையால் காரைத் தட்டிக் காட்டி. "நீங்க கவலைப்படாதீங்க. கோளாறு காடியிலதான் இருக்கு. நான் பாத்துக்கிறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். குடை மட்டும் அசையாமல் நின்றது.

பேட்டரியை ஏற்றிக் கொடுத்ததோடு, நூருல் அன்றைக்கு இன்னொரு வேலையும் செய்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா அவளிடம் இருந்தது. அதைப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மாட்டிவிட்டால், எந்த நாளில் எந்த மணிக்கு எவ்வளவு வோல்ட் இருந்தது என்பதை அது பாட்டுக்குக் குறித்துக்கொண்டே இருக்கும். காருக்குப் பக்கத்தில் வந்து போனைத் திறந்தால் மொத்தமும் ஒரு கோடாக வந்து விழும்.

"வியாழக்கிழமை வர்றேன்க்கா. அது சாகுறதுக்கு மொதல் நாளே வந்து பாத்துடுறேன்."

சொன்னபடி வியாழக்கிழமை வந்தாள். வேறொரு வேலையை முடித்துவிட்டு வந்ததில் மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது. கார், அடுக்குமாடிக்குப் பின்னால், சுவரை ஒட்டிய மரத்தடியில் நின்றது. மேலே போய் லோகேஸ்வரியை எழுப்ப வேண்டாம் என்று நினைத்து, படிக்கட்டின் கீழே நிழலில் உட்கார்ந்து போனைத் திறந்தாள்.

கோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேலே இருந்தது. அன்று லோகேஸ்வரி தங்கையைப் பார்க்க நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டம்வரை ஓட்டிக்கொண்டு போய் வந்திருந்தார், நீண்ட ஓட்டம், பேட்டரி வயிறு நிறையக் குடித்திருந்தது. திங்கட்கிழமை காலை கிளினிக்குக்குப் போனது, இரண்டு மணிக்குத் திரும்பியது, எல்லாம் சின்னச் சின்ன மேடாகத் தெரிந்தன. பிறகு மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் கோடு திடீரென்று கீழே இறங்கி, சரிந்துகொண்டே போய், நாலரைக்கு மறுபடி கொஞ்சம் நிமிர்ந்தது. செவ்வாய்க்கிழமையும் மூன்று ஐந்து. நேற்று மூன்று எட்டு.

நூருல் போனை இரண்டு தடவை உற்றுப் பார்த்தாள். வயரில் கோளாறு என்றால் அது மணி பார்த்து வராது. யாரோ காரைத் திறக்கிறார்கள். சாவியைத் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல், ஒன்றரை மணி நேரம் எதையோ ஓட்டுகிறார்கள். அடுக்குமாடிக்குக் காவல் இருக்கும் ஜாகாவா? பின்பக்கம் யாராவது பையன்களா? அவளுக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பாவப்பட்ட மனிதரின் ஆஸ்பத்திரித் தேதியையே கெடுத்தவன் எவனாக இருந்தாலும் இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, பெட்டியிலிருந்து பெரிய ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு லிஃப்ட் திறந்தது. முனுசாமி வெளியே வந்தார். மெதுவாக நடந்து மரத்தடிக்குப் போனார். சுற்றிலும் ஒரு பார்வை. பிறகு பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, காரைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நூருல் ஸ்பேனரைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள்.

காரின் பின்பக்கமாக அவள் நெருங்கியபோது ஏர்கான் காற்றாடியின் இரைச்சல் கேட்டது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. அதையும் மீறி, உள்ளிருந்து ஒரு குரல். கனமான, மண்டபம் நிறைக்கப் பழகிய குரல். ஆனால் அது ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று வந்தது.

"பி... கே... டி... நாலு... நாலு... ஏழு... வண்டி... வண்டியின்... உரி... உரிமை... உரிமையாளர்... உடனே..."

நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எதிர்ச் சுவரோரம் நின்ற வெள்ளைக் காரின் எண் அது. கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக்கு நடுவே மைக்கில் வருமே, வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லும் அறிவிப்பு, அதைத்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வெள்ளைக் காரை முடித்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்த நீலக் காருக்குப் போனார். உரிமையாளர் என்ற சொல் இந்தத் தடவை ஒரே மூச்சில் வந்தது. அவர் ஸ்டியரிங்கை இடது கையால் ஒரு தட்டுத் தட்டினார்.

அப்போதுதான் பின்பார்வைக் கண்ணாடியில் நூருலைப் பார்த்தார்.

கதவுக் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்த வெக்கை நூருலின் முகத்தில் அறைந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"அண்ணே, என்னண்ணே இது! இந்த வெயில்ல காடிக்குள்ள..." என்று அவள் ஆரம்பித்தாள். அவர் கையை உயர்த்தினார். ஏதோ சொல்ல வருகிறார். நூருல் நிறுத்தினாள்.

"ப... பந்தல்" என்றார். இல்லை என்று தலையசைத்தார். "பந்தல் இல்ல. ப..."

பயிற்சி என்ற சொல் நூருலின் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொல்லிவிட்டால் இந்த வெயிலில் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம். வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அவர் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன, அடி விழப்போகிறது என்று தெரிந்தவர் போல. அவள் வாயை மூடிக்கொண்டாள். கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரத்திலிருந்து ஒரு மைனா இறங்கி, காரின் கூரையில் நடந்து, திரும்பப் பறந்து போயிற்று.

"பயி... பயிற்சி" என்றார் முனுசாமி.

"ம்" என்றாள் நூருல்.

அந்த ஒரு "ம்" அவருக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் அரை மணி நேரம் பிடித்தது. அவள் ஒரு சொல்லும் எடுத்துக் கொடுக்கவில்லை. நடுவில் இரண்டு தடவை உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஒரு தடவை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் பேச முடியவில்லை என்றார். ஒரு சொல்லுக்காக அவர் நின்றால் போதும், லோகா எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். காலையில் அவள் வேலைக்குப் போன பிறகு பக்கத்து வீட்டு காமாரியா அக்கா துணைக்கு வந்து உட்காருகிறார், நல்ல மனுஷி, அவரும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார், அதுவும் மலாயில். நாலு மாதத்துக்கு முன் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் ஆசையாக இவர் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஒண்ணும்... பேசல" என்றார். "எல்லாரும்... கை... தட்டுனாங்க."

அதைச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் இருந்த தூசியை இடது கையால் துடைத்தார்.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான் காரில் வந்து உட்காரத் தொடங்கினாராம். கண்ணாடியை ஏற்றிவிட்டால் யாருக்கும் கேட்காது. புழுக்கத்துக்குக் காற்றாடி.

நூருல் அளந்து அளந்து பேசினாள். "அண்ணே, இன்ஜின் ஓடாம அந்தக் காத்தாடி ஓடுச்சுன்னா பேட்டரியிலேருந்துதான் குடிக்கும். தெனம் ஒன்றரை மணி நேரம். அக்கா கிளினிக்குக்குப் போறது பத்து நிமிசம், வர்றது பத்து நிமிசம். அதுல ஏறுறது பாதிகூட இல்ல. திங்கள், செவ்வாய், புதன்னு கொறைஞ்சுக்கிட்டே வந்து..."

"வெள்ளி" என்றார் முனுசாமி.

"ஆமாண்ணே."

அவர் தலையைக் கையில் சாய்த்துக்கொண்டார். "அன்னிக்கே... கேக்க... வந்தேன். சா..." இந்தத் தடவை நூருலுக்கு அந்தச் சொல் முன்கூட்டித் தெரியவில்லை. "சா...வி. சாவி போட்டா... தப்பான்னு."

குடையோடு நின்ற காலை நூருலுக்கு அப்படியே கண்முன் வந்தது. முருகன் படத்தில் கரண்டு இல்லை என்று இவரிடம் சொன்னது யார்? கோளாறு காரில்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னது யார்? இவர் கேள்வி கேட்டார். பதில் கிடைத்ததாக நினைத்துக்கொண்டு மறுநாளும் வந்து உட்கார்ந்தார். இரண்டு வாரமாக மீட்டரை வைத்துக்கொண்டு அலைந்ததை, இந்த மனிதர் இரண்டு எழுத்தில் சொல்ல வந்தபோது கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றாள். "நான் கேட்டிருக்கணும்."

அவர் பரவாயில்லை என்பது போலக் கையசைத்தார். பிறகு கொஞ்சம் பயந்த முகத்தோடு, "லோகா... கிட்ட..." என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். ஆனா அக்கா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். இந்த வேக்காட்டுல மறுபடி உக்காந்தீங்கன்னா ஒடம்புக்கு ஏதாவது ஆயிடும். அக்கா தாங்க மாட்டாங்க."

அவர் யோசித்தார். "ஞாயிறு" என்றார்.

அந்த மூன்று நாளும் நூருலுக்கு லேசாகப் போகவில்லை. சனிக்கிழமை லோகேஸ்வரி போன் செய்தார். கார் வெள்ளிக்கிழமை நன்றாகக் கிளம்பிவிட்டது என்ற சந்தோஷம் ஒருபக்கம், என்ன கோளாறு என்று இவள் சொல்லாத சந்தேகம் ஒருபக்கம்.

"கண்டுபிடிச்சிட்டியா இல்லியா?"

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து..."

"கண்டுபிடிச்சா சொல்றதுக்கென்ன? வேலை செய்யிற எடத்துல சொல்றாங்க, மொத்த வயரையும் மாத்திடணுமாம். பட்டர்வொர்த்துல ஒரு பட்டறை இருக்காம். செவ்வாய்க்கிழமை என்னால விளையாட முடியாது, நூரு."

தன் வேலையைப் பற்றி யாராவது இப்படிப் பேசினால் நூருல் சும்மா விடுகிறவள் இல்லை. அன்றைக்கு விட்டாள். "ஒரே ஒரு நாள்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேரும் மரத்தடியில் நின்றார்கள். நூருல் போனட்டைத் திறக்கவில்லை. லோகேஸ்வரி அதைக் கவனித்துவிட்டு, இவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன?"

"அண்ணன் சொல்லுவாரு."

"அவரா? அவருக்கு என்ன தெரியும் பாவம், அவரு..."

"லோகா" என்றார் முனுசாமி. "நான்... தெனம்... நடக்க..."

"நடக்கப் போறீங்க, தெரியும். அதுக்கென்ன?"

"நடக்க... போகல. நான்..."

"ஏன், கால் வலிக்குதா? எங்க, முட்டியா? சொல்லியிருக்கலாம்ல, தைலம்..."

நூருல் கையை நீட்டி லோகேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா. கொஞ்சம் இருங்க."

அவள் பிடித்த பிடியில் ஏதோ இருந்திருக்க வேண்டும். லோகேஸ்வரி நிறுத்தினார்.

முனுசாமி சொன்னார். வியாழக்கிழமையை விட விரைவாக வந்தது, நடுவில் ஒரே ஒரு தடவைதான் பந்தல் குறுக்கே புகுந்தது. அவர் நின்ற இடங்களிலெல்லாம் லோகேஸ்வரியின் உதடுகள் அசைந்தன. எடுத்துக் கொடுத்துவிடுகிறாய் என்று அவர் சொன்னபோது அந்த உதடுகள் அசைவதை நிறுத்திவிட்டன.

அவர் முடித்ததும் லோகேஸ்வரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஒன்றரை மணி நேரம்! கண்ணாடிய ஏத்திக்கிட்டு! மயங்கி விழுந்தா எனக்கு யாரு வந்து சொல்லுவா? சட்டை நனைஞ்சு வருது நனைஞ்சு வருதுன்னு நான் ஊரு பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறேன், டாக்டர்கிட்டக்கூடச் சொன்னேன்!"

"ஆமா" என்றார் முனுசாமி.

"என்ன ஆமா!"

"டாக்டர்... மெச்சுனாரு."

லோகேஸ்வரிக்குச் சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு காரின் மேல் சாய்ந்தார். அப்புறம் அது சிரிப்பாக இல்லை. முனுசாமி நகர்ந்து வந்து, நன்றாக இருக்கும் கையை அவர் தோளில் போட்டார். நூருல் மோட்டார் சைக்கிள் பக்கம் போய், வேண்டாத ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நீங்க திணறும்போது என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியல" என்று லோகேஸ்வரி சொல்வது கேட்டது. "அதான் சொல்லிடுறேன். ஒங்களுக்கு ஒத்தாசைன்னுதான் நெனச்சேன்."

"ஒத்தாசை... வேணும்" என்றார் அவர். "சட்டை... பொத்தான்... போட... வேணும். பேச... வேணாம்."

கொஞ்ச நேரம் கழித்து லோகேஸ்வரி மூக்கைத் துடைத்துக்கொண்டு நூருலிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. ஆனால் கிளினிக் கவுண்டரில் நிற்கும் பெண்ணின் தோரணை திரும்பியிருந்தது.

"சரி. இனிமே மூணு மணிக்கு நான் காமாரியா அக்கா வீட்டுக்குப் போயிடுறேன். அங்க சோபாவுல தூங்கிக்கிறேன். வீட்டுல விசிறியப் போட்டுக்கிட்டு இவரு எவ்வளவு வேணாலும் கத்தட்டும். ஆறு மாடியும் கேக்கட்டும், எனக்கென்ன? காடிச் சாவி ரெண்டும் என்கிட்டதான் இருக்கும்."

"பேட்டரிக்கும் அதான்க்கா நல்லது. வாரத்துல ஒரு நாளாவது பாலத்தத் தாண்டி தங்கச்சி வீட்டுப் பக்கம் நீட்டமா ஓட்டுங்க."

"வயரு மாத்தணுமா?"

"ஒண்ணுமே மாத்த வேணாம்" என்றாள் நூருல். இரண்டு வாரமாக அந்த வாக்கியத்தைச் சொல்வதற்குத்தான் அவள் காத்துக்கொண்டிருந்தாள். சொன்னபோது நினைத்த அளவு பெருமையாக இல்லை. வேறு ஏதோவாக இருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நூருல் பட்டறையில் ஒரு லாரிக்காரருக்குப் பால் சேர்க்காத தேநீரான தே ஓ போட்டுக் கொடுத்துவிட்டு அவரோடு இருந்தாள். சுப்பையா என்று பெயர், மீன் ஏற்றுகிறவர். ஹெட்லைட் மினுக்குவதைப் பற்றி அவர் பத்து நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழாவது நிமிடத்திலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் கடைசிவரை கேட்டாள். பத்தாவது நிமிடத்தில், மழையில் ஒரு நாள் லாரியின் முன்பக்கம் பள்ளத்தில் இடித்ததை அவர் சொன்னார். அது அவளுக்குத் தெரியாத விஷயம்.

போன் அடித்தது. லோகேஸ்வரி.

"வந்துட்டோம் நூரு, ஏழரைக்கே வந்துட்டோம்! ஒரே திருப்பு, பட்டுனு கெளம்பிடுச்சு. உள்ள கூப்பிட்டாங்க. நானும் கூடப் போனேன். அந்தப் பொண்ணு இவர்கிட்ட ஒரு படத்தக் காட்டிக் கேக்குது, எனக்கு வாயெல்லாம் அரிக்குது. அப்புறம் நானே எந்திரிச்சு வெளிய வந்து உக்காந்துட்டேன். ஒரு மணி நேரம். வாழ்க்கையிலயே அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்ல லா." மூச்சு வாங்கியது. "இரு, இரு, பிடுங்குறாரு. ஒங்கிட்ட ஏதோ சொல்லணுமாம்."

போன் கை மாறியது. ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தின் இரைச்சல். ஒரு கனைப்பு.

"நூருல்."

"சொல்லுங்கண்ணே."

"சிக்... சிக்னல். எடது... பக்கம். வேகமா... அடிக்குது."

அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. சிக்னல் வழக்கத்தைவிட வேகமாக அடித்தால் அந்தப் பக்கத்து பல்புகளில் ஒன்று போயிருக்கும். சுப்பையாவுக்குக் கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எறங்கி... பாத்தேன்" என்றார் முனுசாமி. "முன்னாடி... எரியுது. பின்னாடி... ப..."

பின்னணியில் லோகேஸ்வரி ஏதோ சொல்லத் தொடங்கி, சட்டென்று நிறுத்துவது கேட்டது.

"ப..." என்றார். நின்றார். ஒரு கார் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. "பல்பு. பல்பு போச்சு."

"ஆமாண்ணே, பல்புதான்" என்றாள் நூருல். "வர்ற வழியில இங்க வாங்க. ரெண்டு நிமிச வேலை."

"பன்னெண்டு... மணிக்கு... வர்றோம்" என்றார் அவர். "தே ஓ... போட்டு வை."